காளியப்பன் பெயரில் ஓர் இருக்கை

தேன்மொழி பொறாமைக்காரிதான். ஊரார் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அவளே சொல்வாள். "எனக்கு வயித்தெரிச்சல் லா, அதுக்கு என்ன இப்போ?" என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கேட்பாள். ஆனால் பக்கத்து வீட்டுச் செல்லப்பாக்கியம் டீச்சர் வாசலில் கூரை நீட்டிக் கட்டியபோது அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொழுந்தன் புதுக் கார் எடுத்தபோது முதல் ஆளாய் எலுமிச்சம்பழம் வாங்கிப்போய் டயருக்கு அடியில் வைத்தவள் அவள்தான். யார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவளுக்குக் கண் உறுத்தாது. ஒரே ஓர் ஆளைத் தவிர. அந்த ஓர் ஆள், கூடப் பிறந்த அக்கா தனலெட்சுமி.

அக்கா இருப்பது ஜொகூர் பாருவில். வேலை சிங்கப்பூரில், சம்பளமும் சிங்கப்பூர் வெள்ளி. அதற்கெல்லாம் தேன்மொழி அசைகிறவள் இல்லை. அவளுடைய எரிச்சல் முழுவதும் அப்பா விஷயத்தில்தான்.

அப்பா காளியப்பனுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. ரெங்கத்துப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே காலத்தை ஓட்டியவர். மனைவி போன பிறகு ஸ்கூடாயில் சின்ன மகள் வீட்டோடு வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து அவருடைய மருந்து மாத்திரை, கிளினிக் வரிசை, கால் நகம் வெட்டுவது, இருமினால் எழுந்துபோய் வெந்நீர் வைப்பது எல்லாம் தேன்மொழி. அக்கா மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். கையில் ஒரு பெட்டி திராட்சை இருக்கும். அவள் வருகிறாள் என்றால் அப்பா முதல் நாளே முகம் மழித்துக்கொள்வார். கைலியை மாற்றிக் கால்சட்டை போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கார் சத்தம் கேட்டதும் "லெட்சுமி வந்திருச்சு" என்று ஒரு குரல் கொடுப்பார் பாருங்கள், அந்தக் குரலைக் கேட்டால் தேன்மொழிக்கு அடிவயிற்றில் அடுப்பு மூட்டிய மாதிரி இருக்கும். இவள் பெயரை அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "தேனு, மாத்திர எங்க?" "தேனு, துண்டு எங்க?" இதுதான்.

திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு, இந்த மாதிரி இனிப்பு இந்தப் பக்கம் எங்கே கிடைக்கிறது என்பார். அதே திராட்சை இவர்கள் குடியிருக்கிற தாமான் கடையிலும் இருக்கிறது. தேன்மொழி வாங்கியும் கொடுத்திருக்கிறாள். அப்போது கொட்டை இருக்கிறது என்று ஒதுக்கிவைத்தவர்தான் இவர்.

இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. தனலெட்சுமிக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டன. மூன்றாவதாக இவள் தங்கியதும் காளியப்பனுக்குப் பயம். ஒரு வேளை சோறு குறைந்தால் பிள்ளை போய்விடும் என்று தன் தட்டிலிருந்து எடுத்து ஊட்டுவார். கன்னம் கொஞ்சம் வற்றினால் வேலைக்குப் போகாமல் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்படி ஊட்டி வளர்த்த உடம்பு அது. தேன்மொழி பிறந்தபோது அந்தப் பயமெல்லாம் தெளிந்துவிட்டது. ஒல்லிக்குச்சியாய்க் கிடந்தாலும் இது தங்கிவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பயம் தீர்ந்த பிறகு பிறந்தவளை யார் மடியில் தூக்கிவைத்துக்கொண்டிருப்பார்கள்? இதை நினைத்து நினைத்தே அவளுக்கு நாற்பத்தைந்து வயதாகிவிட்டது.

தேன்மொழி பள்ளி வேன் ஓட்டுகிறாள். ஸ்கூடாய் ஜாமில் காலையில் வேன் ஓட்டிப் பிள்ளைகளை மணிக்குள் பள்ளியில் இறக்கிவிடுவது சாமானிய வேலையில்லை, அதற்குத் தனி வாயும் தனி ஹாரனும் வேண்டும். இரண்டும் அவளிடம் உண்டு. ஒருமுறை ஒரு தாய் சண்டைக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் உட்காருகிற பையன் குண்டாக இருக்கிறான், என் மகளுக்கு இடமே இல்லை, அவன் வீட்டில் இரண்டு பேர் கட்டணம் வாங்கு என்றாள். தேன்மொழி இறங்கிப்போய் நேருக்கு நேராகவே சொன்னாள்: "என் வேன்ல புள்ளைங்க ஏறுது, உருளக்கிழங்கு மூட்டை ஏறல. நான் நிறுத்துப் பாத்து ஏத்துறதில்ல." மறுநாளே அந்தத் தாயின் மகளை முன்சீட்டுக்கு மாற்றினாள், விஷயம் முடிந்தது. ஊரான் வீட்டுப் பிள்ளை என்றால் அவள் மனசு இவ்வளவு தாராளம். அக்காவின் உடம்பைப் பார்த்தால் மட்டும் அந்தத் தாராளம் எங்கே போகுமோ தெரியாது. அக்கா வேனில் ஏறும்போது வண்டி ஒரு பக்கம் சாய்ந்து எழுவதைப் பார்த்து, எல்லாம் என் பங்கையும் சேர்த்துத் தின்ற உடம்பு என்று பல்லைக் கடித்துக்கொள்வாள்.

பள்ளி விடுமுறை தொடங்கப்போகிற சமயத்தில் அக்கா போனில் விமான டிக்கெட்டின் படம் ஒன்று அனுப்பினாள். மகன் ரூபேந்திரன் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கத் திருச்சி போகிறாளாம். கணவருக்கு லீவு இல்லை. கோலாலம்பூர் விமான நிலையம் வரைக்கும் வேனில் கொண்டுபோய் விடு, மணி டிக்கெட்டில் இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

தேன்மொழி மணியைப் பார்க்கவில்லை. பெயரைத்தான் பார்த்தாள். டிக்கெட்டில் இரண்டு பெயர் இருந்தது. முதல் வரியில் தனலெட்சுமி. அடுத்த வரியில் காளியப்பன்.

உண்மை என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடலாம், தேன்மொழியைப் போல யாரும் முட்டிக்கொள்ள வேண்டாம். அந்த இரண்டாவது இருக்கையும் தனலெட்சுமிக்குத்தான். ஓர் இருக்கையில் அவள் உடம்பு அடங்காது என்று தனக்கே இரண்டு எடுத்திருந்தாள். அப்படி எடுக்கும்போது கூடுதல் இருக்கைக்கும் ஒரு பெயர் எழுத வேண்டுமாம், குடும்பப் பெயரைப் போட வேண்டுமாம். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் இன்னாரின் மகள் என்று அப்பா பெயர்தான் இருக்கிறது. டிக்கெட் கடையில் இருந்த சீனப் பெண் அதைப் பார்த்துக் காளியப்பன் என்று தட்டிவிட்டாள். அதன் பின்னால் கூடுதல் இருக்கை என்பதைக் காட்ட நாலு ஆங்கில எழுத்து. தேன்மொழி அந்த நாலு எழுத்தையும் பார்த்தாள். வயசானவர்களுக்குச் சக்கர நாற்காலி கேட்டால் போடுகிற குறி போலிருக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

அப்புறம் என்ன, காதில் புகை வராத குறைதான். அப்பாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வரிசையில் நின்றவள் இவள். அவரைத் தோளில் தாங்கிப் படம் பிடிக்க நிற்க வைத்தவள் இவள். இந்தியாவைப் பார்க்காமலே போய்விடுவேன் போலிருக்கிறது என்று அவர் புலம்பும்போதெல்லாம், ஒருநாள் நாமே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று மனசுக்குள் ஆசையை முடிந்து வைத்திருந்தவளும் இவள்தான். அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் நோகாமல் தூக்கிக்கொண்டு போகிறாள். விசாவையும் போனிலேயே எடுத்திருப்பாள், கெட்டிக்காரி. இவள் வேலை என்ன? வேன் ஓட்டிக்கொண்டுபோய் இறக்கிவிடுவது.

அவள் கணவன் மதிவாணன் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய்த் திரும்புகிற மனுஷன், களைத்துப்போய்ச் சோற்றில் கைவைத்திருந்தான். அக்காவிடமே போன் போட்டுக் கேட்டுவிடேன் என்றான். நான் ஏன் கேட்க வேண்டும், சொல்ல வேண்டியவள் அவள் என்று இவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

கேட்காமல் இருந்ததோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலை பசியாறும்போது அப்பாவிடம் போட்டு உடைத்தாள். "ஒங்க பெரிய மக ஒங்கள இந்தியாவுக்குக் கூட்டிட்டுப் போறா. டிக்கெட் எடுத்தாச்சு. என்னயத்தான் கூப்புடல."

இதை ஏன் சொன்னாள் என்றால், ஒரே ஒரு வார்த்தைக்காகச் சொன்னாள். நீ வரவில்லையா தேனு, அப்படியானால் நானும் போகவில்லை என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் போதும். பிறகு அவளே அவரைச் சமாதானம் செய்து, பெட்டி கட்டி, சிரித்த முகமாய் அனுப்பிவைப்பாள். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு வேண்டும்.

காளியப்பன் ரொட்டியைக் கோப்பியில் தோய்த்தபடியே விட்டுவிட்டார். வாய் திறந்திருந்தது. "லெட்சுமியா? என்னயவா?" என்றார். கண் அப்படியே நனைந்து மினுங்கியது. பிளேனில் ஜன்னல் ஓரம் கொடுப்பார்களா என்று கேட்டார். அவ்வளவுதான். இவள் வருகிறாளா இல்லையா என்கிற பேச்சே அவர் வாயில் வரவில்லை.

தேன்மொழி எழுந்துபோய்ப் பாத்திரத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்த தேய்ப்பில் பாத்திரம் தேய்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைக் கேட்காதீர்கள். காளியப்பன் இளமை திரும்பிய ஆள் மாதிரி நடமாடினார். முடிவெட்டிக்கொண்டார். புதுச் சட்டை வேண்டும் என்றார், தேன்மொழிதான் வாங்கிக் கொடுத்தாள். செல்லப்பாக்கியம் டீச்சரிடம் வேலி ஓரமாய் நின்று, என் மூத்த மகள் என்னைத் திருச்சிக்குக் கூட்டிப்போகிறாள் என்று தினமும் ஒரு தடவை சொன்னார். டீச்சரும் சளைக்காமல், கொடுத்து வைத்தவர் நீங்கள், இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று தினமும் ஒரு தடவை சொன்னார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தேன்மொழிக்கு இரண்டும் காதில் விழும். கிளிப்பைக் கடிக்காத குறை.

நடுவில் அக்கா ஒருநாள் போன் பண்ணினாள். அப்பாவிடம் கொடுத்தாள் தேன்மொழி. எல்லாம் ரெடியாம்மா என்று இவர் கேட்க, எல்லாம் ரெடிப்பா என்று அவள் சொல்ல, இரண்டு பேரும் வேறு வேறு ரெடியைப் பேசிச் சந்தோஷமாகப் போனை வைத்தார்கள்.

பையை அடுக்கினவள் தேன்மொழிதான். உள்சட்டை, கைலி, இருமல் மருந்து, காலை மாத்திரை தனி, ராத்திரி மாத்திரை தனி. ஏதாவது ஒன்றை மறந்துவிட்டால் அங்கே போய் அக்கா திண்டாடட்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே முழங்கால் தைலத்தையும் தேடி எடுத்துவைத்தாள். வெறுப்பாகவும் இருந்தது, கை மட்டும் ஒழுங்காக அடுக்கியது.

புறப்படுகிற நாளில் காளியப்பன் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். புதுச் சட்டை, நெற்றியில் திருநீறு, காலில் அக்கா வாங்கிக் கொடுத்த சப்பாத்து. ஜொகூர் பாருவில் அக்கா வீட்டு வாசலில் வேன் நின்றதும், அவள் அப்பாவைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாய், அப்பாவும் வந்திருக்கிறாரா, நல்லதாய்ப் போயிற்று என்றாள். வழியனுப்ப வந்திருக்கிறார் என்று அவளுக்கு நினைப்பு. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர் தோளைத் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொண்டே வந்தாள். என்ன சேலை, என்ன கலர், பெண் வீட்டில் எத்தனை பேர் என்று ஒரே பேச்சு. தேன்மொழி கண்ணாடியில் அக்காவின் கை அப்பாவின் தோளில் இருப்பதையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

ஆயர் ஈத்தாமில் நிறுத்திச் சாப்பிட இறங்கினார்கள். கடை வாசலில் பூந்தொட்டிகளும் மண் யானைகளும் அடுக்கியிருந்தன. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள். காளியப்பன் தட்டுத்தடுமாறிப் போய், ஒரு நாற்காலியின் மேல் இன்னொரு நாற்காலியைச் செருகி, இரண்டையும் ஒன்றாக்கி ஆட்டிப் பார்த்து, "இதுல உக்காரும்மா, தாங்கும்" என்று பெரிய மகளுக்குப் போட்டார். அவள் கேட்கவில்லை, அவராகவே செய்தார். இத்தனை வருஷத்தில் சின்ன மகள் வீட்டில் ஒரு தம்ளரை எடுத்துவைத்தறியாத மனுஷன். தேன்மொழிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

கைப்பையைத் திறந்து அப்பாவின் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் போட்டாள்.

"இந்தா, இதயும் நீயே வெச்சுக்க. அப்பாவக் கூட்டிட்டுப் போற, சந்தோஷம். கூடவே வெச்சுப் பாத்துக்கிட்டவ ஒருத்தி இருக்காளே, அவகிட்ட ஒரு வார்த்த சொல்லுவோம்னு தோணலயா ஒனக்கு?"

தனலெட்சுமிக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவை எங்கே கூட்டிப்போகிறேன் என்று கேட்டாள். தேன்மொழி போனைத் திறந்து அந்தப் படத்தை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். அக்கா பார்த்தாள். பார்த்தவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"அது அப்பா இல்ல, தேனு," என்றாள். குரல் தாழ்ந்துவிட்டது. "அது நான்தான். ரெண்டும் நான்தான்."

அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள். போன வருஷம் பினாங்கிலிருந்து விமானத்தில் வந்தபோது பக்கத்து இருக்கைக்காரன் உட்காரமாட்டேன் என்று நடைபாதையில் நின்றுவிட்டானாம். நான் முழுச் சீட்டுக்குப் பணம் கொடுத்தேன், எனக்குப் பாதிதான் இருக்கிறது என்று சத்தம் போட்டானாம். பணிப்பெண் வந்து, பெல்ட்டுக்கு ஒட்டுப்போடுகிற இன்னொரு பெல்ட்டை எல்லார் கண்ணெதிரிலும் கொண்டுவந்து மாட்டினாளாம். இறங்கும்போது, அடுத்த முறை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் வசதி என்று மெதுவாகச் சொன்னாளாம். கணவரிடம்கூட இதைச் சொல்லவில்லையாம்.

"அவன் மேல கோவம் இல்ல எனக்கு. அவன் எடத்துல பாதி நான்தான் இருந்தேன். ஆனா காலு நீட்டமா இருக்கறவன் முன்சீட்டு முதுகுல முட்டி முட்டி வர்றான், அவன யாரும் ரெண்டு டிக்கெட் எடுன்னு சொல்றதில்லயே. நான் என்ன, கேட்டு வாங்கிட்டு வந்த ஒடம்பா இது?"

அவள் கண்ணிலிருந்து இரண்டு சொட்டு மேசைமேல் விழுந்தது. சின்ன வயசிலிருந்து தேன்மொழி கனவு கண்டுகொண்டிருந்தது இதைத்தான். அப்பாவுக்கு முன்னால் அக்கா தலைகுனிந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தாயிற்று. தேன்மொழியின் நெஞ்சில் சில்லென்று ஒரு சந்தோஷம் ஓடியது, ஓடவில்லை என்று சொன்னால் பொய். ஓடின வேகத்தில் வற்றியும் போயிற்று, ஏனென்றால் அப்போதுதான் அவளுக்கு அப்பாவின் நினைவு வந்தது. போகப்போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லி, முடிவெட்டி, புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன். பயந்துகொண்டே திரும்பிப் பார்த்தாள்.

காளியப்பன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவ இப்படித்தாம்மா," என்றார் பெரிய மகளிடம். "டிக்கெட்டுல எதயோ பாத்துட்டு ரெண்டு வாரமா ஒளறிட்டு இருந்தா. அப்படி இருக்காதுன்னு நான் அப்பவே சொன்னேன், கேக்கல. எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல பிளேனு? ஒன்ன ஏத்திவிடத்தான் வந்தேன். ரெண்டு சீட்டு எடுத்தியா, நல்லதாப் போச்சு. காலு நீட்டி வசதியாப் போ. எவன் என்ன சொல்லுவான்?"

புதுச் சட்டையைத் தொட்டு, மகளை வழியனுப்ப நல்ல சட்டை போட்டு வரக்கூடாதா என்றும் சேர்த்துக்கொண்டார். தனலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தே விட்டாள். அப்பாவை நான் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று பொறாமைப்பட்டாயா, பைத்தியக்காரி என்று தங்கையின் கையைக் கிள்ளினாள். காளியப்பனும் சேர்ந்து சிரித்தார்.

தேன்மொழி மேசையில் கிடந்த பாஸ்போர்ட்டை எடுத்துத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தாள். அவர் சொன்னது அத்தனையும் பொய். அப்பட்டமான, அழகான பொய். தன் ஆசையைப் பொட்டலம் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டு, பழியை இவள் தலையில் வைத்துவிட்டு, பெரிய மகள் கூனிக்குறுகாமல் விமானம் ஏற வேண்டும் என்று கண் இமைக்காமல் சொன்ன பொய். அவளுக்கு அக்காவின் சம்பளத்தின்மேல் பொறாமை வந்ததில்லை, வீட்டின்மேல் வந்ததில்லை. அந்தப் பொய்யின்மேல் வந்தது. தனக்காக யாரும் அப்படி ஒரு பொய் சொன்னதில்லை என்று நினைத்தபோது சோற்றைத் தட்டிலேயே ஒதுக்கிவைத்தாள்.

விமான நிலையத்தில் அக்காவின் பெட்டியை இறக்கும்போது, அப்பாவின் பையை அவள் பார்த்துவிடாமல் அதன்மேல் பிள்ளைகளின் மழைக்கோட்டை இழுத்துப் போட்டாள் தேன்மொழி. ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை, கை தானாகப் போட்டது. அக்கா கண்ணாடிக் கதவுக்குள் போய் மறைகிற வரைக்கும் காளியப்பன் கையை ஆட்டிக்கொண்டே நின்றார். மறைந்ததும் கை இறங்கியது. வேனில் ஏறுவதற்கு அவருக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

திரும்பும் வழியில் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். திட்டுவார் என்று தேன்மொழி காத்திருந்தாள். நீதானே சொன்னாய், உன் வாய்தானே என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டால் நிம்மதியாக இருக்கும். செம்பனைத் தோட்டங்கள் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பார்த்தால், மனுஷன் அழுகிறார். சத்தமில்லாமல், கன்னம் முழுக்க நனைந்து.

ஓய்விடம் வந்ததும் வேனைத் திருப்பி ஒரு மர நிழலில் நிறுத்தினாள்.

"டீச்சரம்மா மொகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார் அவர். "ஜன்னல் ஓரம்னு வேற சொல்லி வெச்சேன். ஆச காட்டிட்டியே தேனு."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள் தேன்மொழி. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றாள். வயிற்றெரிச்சலில் சொன்னேன் என்றும் ஒப்புக்கொண்டாள். துண்டை எடுத்துக் கொடுத்தாள், அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு இன்னும் அழுதார். அழுது ஓய்கிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, ஆயர் ஈத்தாமிலிருந்து நெஞ்சில் குத்திக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"அங்க அவகிட்ட மட்டும் சிரிச்சீங்களேப்பா. அத்தன பொய் சொன்னீங்க. எங்கிட்ட அழுவுறீங்க."

"அவ பாவம்மா. நானும் ஆசப்பட்டு வந்தேன்னு தெரிஞ்சா, தனக்கு எடுத்த சீட்டு எனக்கு இல்லாம போச்சேன்னு அங்கேயே ஒடஞ்சு போயிருவா. அவ தாங்க மாட்டா." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீ என்ன, நீ தாங்குவ."

இந்த வார்த்தையை அவர் இதற்கு முன்னும் பலமுறை சொல்லியிருப்பார். அம்மாவும் சொல்லியிருப்பாள். இது தங்கிவிடும் என்று பிறந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்களே. அப்போதெல்லாம் அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டு, தாங்கிக்கொண்டே வந்தவள் தேன்மொழி. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

"நானும் தாங்க மாட்டேன்ப்பா."

காளியப்பன் துண்டை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். புதிதாய் வேனில் ஏறின ஓர் ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அப்போ ஒங்கிட்டயும் நான் பொய் சொல்லணுமா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அவர் யோசித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ வரலன்னா நானும் போறதா இல்ல," என்றார். "ஏர்போட்டு வரைக்கும் வந்துட்டு, எனக்குத் தேனு இல்லாம முடியாதும்மா, நீ மட்டும் போயிட்டு வான்னு லெட்சுமிகிட்ட சொல்லிட்டு, ஒங்கூடவே திரும்பிறலாம்னுதான் வேன்ல ஏறினேன்."

பொய் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அக்காவுக்குக் கேட்காமலே கிடைத்ததைத் தான் வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்று அந்த நிமிஷத்திலும் அவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே இருக்கட்டும் என்று கண்ணைத் துடைத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள்.

அவர் இன்னொரு தடவை சொன்னார்.